பழைய ஆபீஸ் மெஷினா, புது அசெம்பிளா? கல்லூரிப் பிள்ளைக்கு முதல் கம்ப்யூட்டர்

ரிசல்ட் வந்து கல்லூரிச் சேர்க்கை முடிகிற மாசத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணாச்சி, ஐ7 மெஷின், மானிட்டரோட சேத்துத் தாராவளாம். சல்லிசா இருக்கு. வாங்கிரட்டுமா?"

பேசுகிறவர் அம்பாசமுத்திரத்துக்காரராக இருப்பார், இல்லையென்றால் சங்கரன்கோவில், வள்ளியூர். மகளுக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்திருக்கும், அல்லது மகன் பாளையங்கோட்டையில் பி.காம் சேர்ந்திருப்பான். கையில் இருக்கும் நாற்பதாயிரம் பெரும்பாலும் சீட்டு எடுத்த பணம், அல்லது வளையலை அடகு வைத்த பணம். நான் இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். பழுதாகி வந்த மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, "இதை வாங்கியிருக்கவே கூடாது" என்று ஒரு தகப்பனிடம் சொல்வதைவிட, வாங்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. அதனால்தான் போனில் அவசரமாகச் சொல்வதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் தள்ளிவைத்து விடுவோம். பிள்ளை ஹாஸ்டலில் தங்கப் போகிறது என்றால் லேப்டாப்தான் சரி, இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம். வீட்டில் இருந்து கல்லூரிக்குப் போய் வருகிற பிள்ளைக்கு, அதே பணத்தில் டெஸ்க்டாப் கூடுதல் வேகமும் பெரிய திரையும் தரும். கெட்டுப்போனால் கெட்ட பாகத்தை மட்டும் மாற்றலாம்.

## எதை வைத்து எடை போடுவது

விலையைக் கடைசியில் பார்ப்போம். முதலில் நான்கு கேள்விகள்.

படிப்புக்கு என்ன ஓட வேண்டும்? பி.காம், பி.ஏ. பிள்ளைக்கு டேலி, எக்செல், பிரவுசர். அதற்கு 8 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது மெஷின் பயன்படுத்தும் மெமரி) போதும். கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றால் ஜாவா, பைத்தான் எல்லாம் எளிதாக ஓடும். ஆனால் போன் ஆப் செய்யும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை எமுலேட்டரோடு (திரைக்குள்ளேயே ஓடும் போலி போன்) திறந்தால் 16 ஜிபி இல்லாமல் மூச்சு வாங்கும். சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு ஆட்டோகேடில் இருபரிமாணப் படங்கள் வரைய 8 ஜிபியிலேயே சமாளிக்கலாம். ரெவிட், சாலிட்வொர்க்ஸ் என்று முப்பரிமாண சாஃப்ட்வேர்களுக்குப் போனால் 16 ஜிபியில் இருந்துதான் கணக்குத் தொடங்கும்.

நான்கு வருஷம் தாங்குமா? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டும் என்றால், இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் (மெஷினின் மூளையான சிப்) வேண்டும். பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு இதுதான் எல்லைக்கோடு.

நம்ம ஊர்க் கரண்ட்டைத் தாங்குமா? வீடியோக்களில் மெஷின் ஒப்பிடுகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை. ஆனால் என் மேஜைக்கு வரும் பழுதுகளில் மிகுதியானவை கரண்ட் சம்பந்தப்பட்டவை.

கெட்டால் யார் பார்ப்பது? வாரண்டி இருந்தாலும், ஊரில் சேவை மையம் இல்லாத பிராண்டு என்றால் பொருள் மதுரைக்கோ சென்னைக்கோ போய்த் திரும்ப வேண்டும். அந்த மூன்று வாரம் செமஸ்டர் நேரத்தில் வந்தால் பிள்ளையின் பாடு என்ன?

## முதல் வழி: பழைய ஆபீஸ் மெஷின்

பெரிய நிறுவனங்கள் நாலைந்து வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகைகள்தான் இவை. மொத்தமாக வாங்கி, துடைத்து, எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் வேகமான டிஸ்க்) போட்டு விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் இருந்து நம்ம பக்கத்துக் கடைகள் வரை கிடைக்கும்.

என் கண்ணில் இவற்றின் பெரிய பலம் வேகம் இல்லை, எஸ்எம்பிஎஸ்தான்: வீட்டுக் கரண்ட்டைப் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. சங்கரன்கோவில் பக்கம் தோட்டத்து வீடுகளில் பார்த்திருப்பீர்கள்: கிணற்று மோட்டார் போட்டதும் வீட்டு லைட் மங்கும். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 170-க்கு இறங்கும். கேபினெட்டோடு இலவசமாக வரும் மலிவான எஸ்எம்பிஎஸ்கள் பலவற்றின் ஸ்டிக்கரில் 200 முதல் 240 வோல்ட் என்றுதான் போட்டிருக்கும். மோட்டார் போட்ட நொடியில் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். இந்த ஆபீஸ் மெஷின்களின் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் பாருங்கள், பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்கும். பல நாட்டுக் கரண்ட்டுக்கும் சேர்த்துச் செய்தவை.

இன்னொரு காரணம் புதிது. 2025 கடைசியில் இருந்து ராம் விலை கடுமையாக ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் போய்விட்டதால், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவது குறைந்து போனது. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் தன் க்ரூசியல் பிராண்டு சில்லறை வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. புதிதாகப் பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்கிறவர் இந்த ஏற்றத்தை முழுசாகத் தாங்க வேண்டும். பழைய மெஷினிலோ ராம் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. 16 ஜிபியோடு கிடைத்தால் நூறு தடவை யோசிக்க வேண்டாம்.

எந்த மாடல்? பிராசசர் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும். ஐ3, ஐ5, ஐ7 என்பவை இன்டெல் பிராசசர் வரிசைகள், பின்னால் வருவதுதான் எண். ஐ5 8500 என்றால் நான்கு இலக்கத்தில் முதல் இலக்கமான 8 தலைமுறை. ஐ3 12100 போல ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு இலக்கங்கள். கடைக்காரர் "ஐ5" என்று மட்டும் சொன்னால், "எந்த ஐ5, அண்ணாச்சி? நம்பர் சொல்லுங்க" என்று கேளுங்கள். 2018-இல் வந்த ஐ5 8500-இல் ஆறு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) இருக்கிறது. பட்டப்படிப்பு முழுவதையும் அது தாங்கும். ஐ5 6500 உள்ள மெஷின் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். அதில் நான்கு கோர்தான், விண்டோஸ் 11 பட்டியலிலும் இல்லை. விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளத் தயார் என்றால் மட்டும் அதை எடுங்கள்.

கடையில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஆபீஸ் மாடல்களில் ஒரு தாழ்ப்பாளை இழுத்தாலோ பின்னால் உள்ள திருகைக் கழற்றினாலோ பக்கத்து மூடி வந்துவிடும், ஒரு நிமிஷ வேலை. உள்ளே பிராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபேனைப் பாருங்கள். அதன் அடியில் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி அடைத்திருந்தால், "சர்வீஸ் பண்ணி வச்சிருக்கோம்" என்ற பேச்சு பொய். போர்டில் (எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் பெரிய பலகை, மதர்போர்டு) நிற்கும் சின்ன உருளை கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். ஒன்று உப்பியிருந்தாலும் வேண்டாம். ஆன் செய்யும்போது எஃப்2 அல்லது எஃப்10 (லெனோவோவில் எஃப்1) அழுத்தி பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரைக்குள், போய்ப் பாருங்கள். பழைய ஆபீஸின் பாஸ்வேர்டு இன்னும் இருந்தால், அதைக் கடைக்காரர் எடுத்துத் தந்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும். கடைசியாக, பெட்டியின் மேல் உள்ள சர்வீஸ் டேக் அல்லது சீரியல் எண்ணைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். மெஷினின் வயசு தெரிந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள்: பெரும்பாலானவற்றில் வைஃபை இருக்காது, யுஎஸ்பி டாங்கிள் வாங்க வேண்டும். சில மாடல்களில் மானிட்டரை இணைக்க எச்டிஎம்ஐ இல்லாமல் டிஸ்ப்ளே போர்ட் மட்டும் இருக்கும், அடாப்டர் வேண்டும். உள்ளே போட்டிருக்கும் எஸ்எஸ்டி பேர் தெரியாத கம்பெனி என்றால் நல்லதாக ஒன்று மாற்றுங்கள். சின்னப் பெட்டி மாடல்களில் முழு அளவு கிராஃபிக்ஸ் கார்டு நுழையாது. 200 வாட் எஸ்எம்பிஎஸ்ஸால் அதைத் தூக்கவும் முடியாது. அந்த எஸ்எம்பிஎஸ் செத்தால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது, அதே மாடலைத் தேட வேண்டும். வாரண்டி கடைக்காரர் தருவதுதான். அதை வாய்ப்பேச்சாக விடாமல் பில்லில் எழுதி வாங்குங்கள்.

## இரண்டாவது வழி: புது அசெம்பிள்

இங்கே எனக்கு இரண்டே பிராசசர்கள்தான் கணக்கில் வரும்: ஏஎம்டி ரைசன் 5 5600ஜி, இன்டெல் ஐ3 12100. இரண்டிலும் திரைக்கான கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. தனி கார்டு வேண்டாம்.

5600ஜி 2021-இல் வந்தது. ஆறு கோர், உள்ளே வேகா கிராஃபிக்ஸ். வீடியோ எடிட்டிங் பழகுகிற பிள்ளைக்கும், அப்புறம் சாயங்காலம் ஒரு மணி நேரம் கேம் விளையாடுகிற பிள்ளைக்கும் இது ஏற்றது. ஐ3 12100-இல் நான்கு கோர்தான். ஆனால் ஒவ்வொரு கோரும் வேகமானது. எக்செல், கோடிங், பிரவுசர் வேலைகளில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கேமுக்கும் முப்பரிமாணப் படத்துக்கும் ஐ3-யின் கிராஃபிக்ஸ் தளர்ந்துவிடும். பின்னால் வேகமான பிராசசர் மாற்ற நினைத்தால், ஐ3-க்கான எச்610 வகை போர்டில் 14-ஆம் தலைமுறை வரை ஏறலாம். என் தேர்வு 5600ஜி. விலை வித்தியாசம் பெரிதாக இருந்து, படிப்பு காமர்ஸ் பக்கம் என்றால் ஐ3.

இதில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. விழுந்தவர்களைப் பார்த்ததால் சொல்கிறேன்.

ஐ3 12100எஃப் என்று கடைசியில் "எஃப்" இருந்தால் அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600, 5500 இரண்டிலும் கிடையாது. விலை குறைவு என்று வாங்கி வந்து மாட்டினால் திரை கறுப்பாகவே நிற்கும். அப்புறம் கார்டுக்குத் தனிப் பணம்.

5600ஜி-யின் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, ராமில் இருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதனால் 16 ஜிபி ஒரே குச்சியாகப் போடாமல் 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள். ஒரே குச்சியில் ஓட்டினால் கேமில் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். பணம் பற்றவில்லை என்றால் இப்போது 8 ஜிபி ஒன்று, ஆறு மாசம் கழித்து அதே மாதிரி இன்னொன்று. காலியான இடம் போர்டில் காத்திருக்கும்.

மூன்றாவது, எஸ்எம்பிஎஸ். இதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். கல்லிடைக்குறிச்சியில் என் அக்கா மகனுக்கு அசெம்பிள் செய்து கொடுத்தபோது, பட்ஜெட்டில் ஆயிரத்துச் சொச்சம் இடித்தது. கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸையே விட்டுவிட்டேன். இரண்டாம் வருஷம் ஐப்பசியில் ஒரு ராத்திரி, இடி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. எஸ்எம்பிஎஸ் செத்தது மட்டும் இல்லை, போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டு போய்விட்டது. அவன் புராஜெக்ட் முழுக்க அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. "மாமா, ஒண்ணும் எடுக்க முடியாதா?" என்று அவன் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு யாருக்கு அசெம்பிள் செய்தாலும் 80 பிளஸ் சான்றுள்ள (கரண்ட்டை அதிகம் வீணாக்காது என்ற சான்று) 450 வாட் எஸ்எம்பிஎஸ்தான் முதலில் பட்டியலில் ஏறும். பிராசசர் அப்புறம்தான்.

மற்றவை சுருக்கமாக. போர்டு: 5600ஜி-க்கு ஏ520 போதும், ஐ3-க்கு எச்610. எச்610-இல் ராமின் தலைமுறைப்படி டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு வகை உண்டு, வாங்கும் ராமோடு பொருந்துகிறதா பாருங்கள். எஸ்எஸ்டி: 500 ஜிபி என்விஎம்இ (போர்டிலேயே நேராகச் செருகும் வேகமான வகை). கேபினெட்: காற்றுப் போகும் சல்லடை முகப்பு இருந்தால் நல்லது. விளக்கு மின்னுகிற கண்ணாடிப் பெட்டி வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவில் பெரியது விண்டோஸ் லைசன்ஸ். ஆபீஸ் மெஷினில் போர்டோடு சேர்ந்தே லைசன்ஸ் பெரும்பாலும் வந்துவிடும். புது அசெம்பிளில் வராது. கடையில் "போட்டுத் தாரோம்" என்பது பெரும்பாலும் கிராக், அதாவது லைசன்ஸ் இல்லாத திருட்டுப் பதிப்பு. அதன் வழியாக வைரஸ் புகுந்த மெஷின்கள் என்னிடம் வந்திருக்கின்றன. லைசன்ஸ் வாங்குங்கள், அல்லது லினக்ஸ் பழகட்டும். கம்ப்யூட்டர் சயன்ஸ் பிள்ளைக்கு அது படிப்புக்கும் உதவும்.

## மூன்றாவது வழி: புதுப் பெட்டிக்குள் பழைய ஐ7

போனில் கேட்ட அந்த "சல்லிசான ஐ7" இதுதான். கேபினெட் புதுசு, கீபோர்டு புதுசு, போர்டும் புதிதாகச் செய்ததுதான். ஆனால் அந்தப் போர்டின் மையச் சிப்பான எச்61 சிப்செட்டும், அதில் உட்கார்ந்திருக்கும் ஐ7 2600-உம் 2011-இல் வந்தவை. ராம் டிடிஆர்3, 16 ஜிபிக்கு மேல் ஏறாது. விண்டோஸ் 11 முறைப்படி ஓடாது. இன்றைய ஐ3 12100 இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வேகம். எஸ்எம்பிஎஸ் என்னவாக இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை எப்போது வாங்கலாம்? கடையில் பில் போட, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க. நான்கு வருஷப் படிப்புக்கு வேண்டவே வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | ஆபீஸ் மெஷின் (8-ஆம் தலைமுறை) | புது அசெம்பிள் (5600ஜி / ஐ3 12100) | புதுப் பெட்டி, பழைய ஐ7 |
|---|---|---|---|
| விண்டோஸ் 11 | ஓடும், லைசன்ஸும் பெரும்பாலும் உண்டு | ஓடும், லைசன்ஸ் தனி | முறைப்படி ஓடாது |
| லோ வோல்டேஜ் | நன்றாகத் தாங்கும் | நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டால் தாங்கும் | தாங்காது |
| வாரண்டி | கடைக்காரர் தருவது, சில மாசம் | பாகத்துக்குப் பாகம், பொதுவாக 3 வருஷம் | கடைக்காரர் வாய்ப்பேச்சு |
| பின்னால் மேம்படுத்த | ராம், எஸ்எஸ்டி மட்டும் | ராம், பிராசசர், கார்டு எல்லாம் | பயனில்லை |
| கேம், வீடியோ எடிட்டிங் | சுமார் | 5600ஜி நன்று, ஐ3 சுமார் | இல்லை |
| உதிரி பாகம் | எஸ்எம்பிஎஸ், போர்டு தேட வேண்டும் | எந்தக் கடையிலும் | நல்ல போர்டு கிடைப்பது அதிர்ஷ்டம் |

## எல்லா வழிக்கும் பொதுவான செலவு

இந்தப் பணத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தில்தான் சிபியு பாருங்கள்.

மானிட்டர் புதிதாகவே வாங்குங்கள், 22 அல்லது 24 அங்குலம், ஐபிஎஸ் திரை (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மங்காத வகை). பிள்ளை நான்கு வருஷம் தினமும் உற்றுப் பார்க்கப் போவது இதைத்தான். சிபியு மாறினாலும் மானிட்டர் மாறாது.

யுபிஎஸ் 600 விஏ போதும். புது பேட்டரியில் பத்துப் பதினைந்து நிமிஷம் நிற்கும், சேவ் செய்து அணைக்க அது தாராளம். இரண்டு மூன்று வருஷத்தில் பேட்டரி மாற்ற வேண்டும், அதையும் செலவில் எழுதுங்கள். வாங்கும் கடைக்கு உங்கள் சிபியுவையும் கொண்டு போய், ஓட விட்டு, யுபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். சில எஸ்எம்பிஎஸ்களுக்கும் மலிவான யுபிஎஸ்களுக்கும் ஒத்துப்போவதில்லை. வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால், அதன் பின்பக்கம் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டதும் கரண்ட் போகும்போது மெஷின் அணையாமல் நின்றால் தனி யுபிஎஸ் வேண்டாம். அந்தப் பணம் ராமுக்கு ஆகும்.

கேபினெட்டைத் தொட்டால் கையில் சுரீர் என்கிறதா? வீட்டில் எர்த் சரியில்லை. கம்ப்யூட்டர் வரும் முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிக்குப் பவர் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, மோடத்தில் இருந்து வரும் கேபிளையும் பிடுங்க வேண்டும்.

கரண்ட் பில்லைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மானிட்டரோடு சேர்த்து 100 வாட் என்று வைத்து, தினமும் ஆறு மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாசத்துக்கு 36 யூனிட்தான்.

அப்புறம், சிபியுவைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி தெருவுக்குள் வந்த பிறகு என்னிடம் வந்த சிபியுக்களைத் திறந்தால், போர்டின் மேல் வண்டல் காய்ந்து அப்பிக் கிடந்தது. மேஜை மேல் இருந்தவை தப்பின. வெள்ளம் வராத ஊர் என்றாலும், வள்ளியூர், பணகுடி பக்கம் ஆனி ஆடிக் காற்றில் தரையோடு ஓடும் புழுதியை ஃபேன் இழுத்துக்கொள்ளும்.

## யாருக்கு எது

மானிட்டர், யுபிஎஸ் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்குள் முடிய வேண்டும் என்றால், 8-ஆம் தலைமுறை ஆபீஸ் மெஷினை 16 ஜிபி ராமோடு எடுங்கள். பி.காம், பி.ஏ., பி.எஸ்சி., கம்ப்யூட்டர் சயன்ஸ் எல்லாவற்றுக்கும் போதும். லோ வோல்டேஜ் ஊர் என்றால் பணம் கூடுதலாக இருந்தாலும் இதை ஒரு தடவை யோசியுங்கள்.

ஐம்பதாயிரத்தை எட்ட முடியும், பிள்ளை விஸ்காம், மெக்கானிக்கல், சிவில் பக்கம், பின்னால் கிராஃபிக்ஸ் கார்டு போட வேண்டி வரும் என்றால் 5600ஜி அசெம்பிள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலோ மானிட்டரிலோ கை வைத்தால்தான் புதுசு வாங்க முடியும் என்ற நிலை வந்தால், நான் பழையதன் பக்கம்தான் சாய்வேன்.

சென்னையில் விலை குறைவு என்று ரயில் ஏறப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் வாங்கிய ராம் கெட்டால், அதை மாற்ற அங்கேதான் அனுப்ப வேண்டும். எஸ்எஸ்டி, பிராசசர் போன்றவற்றை வெளியூரில் வாங்கினாலும், எஸ்எம்பிஎஸ்ஸையும் போர்டையும் உள்ளூரில் வாங்குங்கள். கெடுவது பெரும்பாலும் அவைதான்.

ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்கட்டும். வாங்கிய அன்றே பில்லை போனில் படம் எடுத்து, உங்களுக்கும் பிள்ளைக்கும் ஒரு மெயில் அனுப்பி வையுங்கள். பல கடைகளில் பில் அடிக்கும் தாள், நம்ம ஊர் வெயிலில் ஒரு கோடை தாண்டுவதற்குள் வெறும் வெள்ளையாகிவிடுகிறது. வாரண்டியோ மூன்று வருஷம்.